நரியும் பரியும் நாட்டுப் பணமும்

பொதுப்பணத்தைக் கையாடுதல் குற்றமென்பதை நம்மவருள் மறுப்பவர் எவருமிலர். கச்சேரியில் கணக்கெழுதும் ஒருவன் வரிப்பணத்தில் நூறு வெள்ளியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான் என்று கேள்வியுற்றால், கேட்டவர் அனைவரும் அவனை இகழ்கின்றனர். நீதிமன்றம் அவனைச் சிறைக்கனுப்பினால் அது தகும் என்கின்றனர். ஆனால் அதே மக்கள், அன்று மாலையே கோயில் மண்டபத்தில் அமர்ந்து, குதிரை வாங்குவதற்கென்று அரசன் கொடுத்தனுப்பிய பொக்கிஷப் பணம் முழுவதையும் வேறு வழியிற் செலவிட்டுவிட்ட ஓர் அமைச்சரின் கதையைக் கேட்டுக் கண்ணீர் சொரிகின்றனர். முன்னதைக் கேட்டு வசைபாடிய வாய் பின்னதைக் கேட்டுச் ‘சிவசிவ’ என்கின்றது. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் எங்ஙனம் ஒருங்கே இடம் பெற்றன? இதுவே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

ஜொகூரில் வாழும் தமிழர்க்கு இவ்வாராய்ச்சி மிகவும் வேண்டற்பாலது. ஜொகூர்பாரு, மூவார், பத்து பகாட், குளுவாங், சிகாமட் முதலிய இடங்களில் வந்து குடியேறிய நம் முன்னோருட் பெரும்பாலோர் இரு வகையினர். பால்மரம் சீவியும் ரோடு போட்டும் தண்டவாளம் பதித்தும் வியர்வை சிந்தியவர் ஒரு வகையினர். கச்சேரியிலும் ரயில்வேயிலும் தோட்ட ஆபீஸிலும் பேரேடு எழுதிய கிராணிமார் மற்றொரு வகையினர். ஆகவே, அரசாங்கப் பணம் என்பது எங்கிருந்து புறப்படுகின்றது, எவ்வழியே சென்று எவ்விடம் சேர்கின்றது என்பதை இரு முனைகளிலும் நின்று கண்ட சமூகம் நம்முடையது. அத்தகைய சமூகம் தன் இலக்கியத்தையும் இரு முனைகளிலும் நின்று படித்தல் வேண்டும். நாம் இதுவரை ஒரு முனையிலேயே நின்று படித்துவந்தோம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் கதையை நினைவுபடுத்திக்கொள்வோம். பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தில் 58ஆம் படலம் முதல் 61ஆம் படலம் வரை இக்கதை விரிகின்றது. திருவாதவூரர் அரிமர்த்தன பாண்டியனுக்கு அமைச்சர். ‘தென்னவன் பிரமராயன்’ என்னும் பட்டம் பெற்றவர். கடற்றுறையிற் குதிரைகள் வந்திறங்கிய செய்தி கேட்ட மன்னன் பொக்கிஷத்தைத் திறந்து பெரும்பொருள் கொடுத்து அவரை அனுப்புகின்றான். வழியில் திருப்பெருந்துறையிற் குருந்தமரத்தடியில் குருவடிவாக வீற்றிருந்த இறைவனுக்கு அமைச்சர் ஆட்படுகின்றார். கொண்டுசென்ற பொருள் கோயிற்பணிக்கும் அடியார் வழிபாட்டிற்கும் செலவாகிவிடுகின்றது. மன்னனது ஓலைக்கு, ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்று மறுமொழி போகின்றது. பின்னர், காட்டு நரிகள் குதிரைகளாகி மதுரைக்கு வருகின்றன. அன்றிரவே மீண்டும் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. சினங்கொண்ட மன்னன் அமைச்சரை வைகையின் சுடுமணலில் நிறுத்தித் தண்டிக்கின்றான். உடனே வைகை பெருகிக் கரையை உடைக்கின்றது. அதன் பின்னர் வருவது பிட்டு விற்ற கிழவியின் கதை. அதனைப் பின்னே தனியாக எடுத்துக்கொள்வோம்.

இக்கதையின் பக்திச் சுவையையோ, வாதவூரர் பெயரால் வழங்கும் திருவாசகத்தின் உருக்கத்தையோ நாம் குறைத்துப் பேசவரவில்லை. ‘இஃது உருவகம், பரி என்பது பக்குவப்பட்ட மனம், நரி என்பது அலையும் மனம்’ என்று விரிவுரை செய்வார் உளர். அவர் அங்ஙனமே கொள்ளட்டும். ஆனால் உருவகமாயினும் அது பொக்கிஷம், ஓலை, கணக்கு, தண்டனை என்னும் உலகியற் பொருள்களைக் கொண்டே கட்டப்பட்டிருக்கின்றது. கேட்போருள் ஆயிரத்தில் ஒருவர் தத்துவத்தைக் கொண்டுசெல்வர். எஞ்சிய அனைவரும் கதையையே வீட்டுக்குக் கொண்டுசெல்வர். அவ்வாறு செல்லும் கதை அவர்களுக்குக் கற்பிப்பது யாது என்று கேட்பது விமரிசகன் கடமை.

இந்தப் படலங்களில், பணம் யாருடையது என்னும் வினாவிற்கு இரண்டு விடைகளே கிடைக்கின்றன. அரசனுடையது என்பது ஒன்று. அனைத்தும் இறைவனுடையது என்பது மற்றொன்று. அரசன் தன் பணத்தைக் கேட்கின்றான். இறைவன் தன் அடியவரைக் காக்கின்றான். வழக்கு அவ்விருவருக்குள்ளேயே முடிந்துவிடுகின்றது. அந்தப் பொன் பாண்டிய நாட்டு உழவன் களத்து நெல்லிலிருந்து வந்தது என்னும் மூன்றாவது விடையைச் சொல்ல அங்கே ஒருவருமில்லை. குதிரை வாணிகமோ விளையாட்டுச் செலவன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் அங்கு வந்திறங்கியதையும், நாட்டுச் செல்வத்திற் பெரும்பங்கு அதற்கே செலவானதையும், தக்க பராமரிப்பின்றி அவை மடிந்ததையும் எழுதிச் சென்றார். அவ்வளவு பொருளைக் கட்டியழுதவர் குடிகள். அவர்களைப் பற்றி எந்தப் பிரசங்கியாவது ஒரு வார்த்தை சொல்லி நாம் கேட்டதில்லை.

இஃது ஒரு கதையோடு நிற்பதன்று. திருமங்கையாழ்வார் சோழனுக்குச் செலுத்தவேண்டிய பகுதிப்பணத்தை அடியார்க்கு அன்னமிடுவதிற் செலவிட்டார். பின்னர் வழிப்பறி செய்தும் திருப்பணி நடத்தினார் என்று வைணவ குருபரம்பரைக் கதைகள் கூறும். 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா அரசில் தாசில் உத்தியோகம் பார்த்த கோபண்ணா, தாம் தண்டிய வரிப்பணத்தைக் கொண்டு பத்ராசலத்தில் இராமர் கோயிலைக் கட்டினார். தானிஷா அவரைச் சிறையிலிட்டான். இராமலக்ஷ்மணரே வந்து கடனைத் தீர்த்தனர் என்பது கர்ணபரம்பரை. தமிழ்நாட்டுப் பஜனை மடங்களில் அந்த ராமதாசர் கீர்த்தனங்கள் இன்றும் பாடப்படுகின்றன. மூன்று கதைகளிலும் அமைப்பு ஒன்றே. பணம் குடிகளிடமிருந்து வருகின்றது. உத்தியோகஸ்தர் அதை நல்லதென்று தாம் கருதிய வழியிற் செலவிடுகின்றார். கணக்குக் கேட்டவன் கொடியவனாகின்றான். இறுதியில் தெய்வம் கணக்கை நேர் செய்கின்றது. தெய்வம் வந்து நேர் செய்யாத இடங்களில் அக்கணக்கை யார் நேர் செய்தார் என்பதற்குப் புராணத்தில் விடையில்லை. அதற்குச் சரித்திரத்தையே நாடவேண்டும்.

கோயமுத்தூர் ஜில்லாவைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் வில்லியம் காரோ என்னும் துரை அங்கு நெடுங்காலம் கலெக்டராயிருந்தார். அவருடைய கச்சேரியில் பொக்கிஷப் பொறுப்பு வகித்தவர் காசிச் செட்டி என்பவர். துரை கையெழுத்திட்டார், ஜில்லாவை நடத்தியவர் பொக்கிஷதாரர். சர்க்கார் பணம் கையாடப்படுகின்றது என்னும் முறையீடு முற்றியபின், 1816இல் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் விசாரணைக்கு நியமிக்கப்பட்டனர். இந்தச் சல்லிவனே பின்னர் உதகமண்டலத்தை நகராக்கியவர். கையாடல் ஒரு மனிதனின் கைச்சாமர்த்தியமாக இருக்கவில்லை. கச்சேரியின் மேலிருந்து கீழ்வரை அதற்குத் துணைநின்ற ஒரு கூட்டம் இருந்தது என்பது அவ்விசாரணையில் வெளிப்பட்டது.

இது எப்படி இயன்றது? அக்காலக் கச்சேரியின் அமைப்பை நோக்கினால் விளங்கும். குடியானவன் வரியைக் கணக்குப்பிள்ளையிடமும் மணியகாரனிடமும் கட்டுகின்றான். அது தாசில்தார் வழியாக ஹஜூர் கச்சேரிக்குப் போகின்றது. ஊர்க்கணக்கு ஒரு மொழியில், கச்சேரிக் கணக்கு மற்றொரு மொழியில், துரைக்குப் போகும் அறிக்கை மூன்றாவது மொழியில். ஒவ்வொரு படியிலும் கணக்கு மொழிபெயர்க்கப்படுகின்றது. ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் சிறிது உதிர்கின்றது. அநீதியைக் கண்ட குடியானவன் மனு எழுதிக்கொடுத்தால், அந்த மனுவைத் துரைக்குப் படித்துக்காட்டுபவனும் அதே கச்சேரிக்காரனே. வேலியே பயிரை மேய்ந்தது என்பர். இங்கோ வேலியைப் பற்றிய முறையீட்டையும் வேலியிடமே கொடுக்கவேண்டியிருந்தது.

பின்னர்ச் சென்னைக் கவர்னரான மன்றோவின் காலத்தில், 1822ஆம் ஆண்டின் 9ஆவது ரெகுலேஷன் பிறந்தது. வருமான இலாகாவில் லஞ்சமும் கையாடலும் செய்தோரைக் கலெக்டரே முதலில் விசாரிக்கலாம் என்பது அதன் சாரம். இந்திய உத்தியோகஸ்தர்க்கு அற்பச் சம்பளம் கொடுத்துப் பெரும்பணத்தைக் கையில் ஒப்படைத்தால் களவு வராமல் என்ன வரும் என்றும் மன்றோ வாதித்தார். அவ்வாதத்தில் உண்மையுண்டு. வெள்ளையருக்குச் சம்பளத்தைப் பெருக்கி அவர்களைச் சுத்தப்படுத்திய காரன்வாலிஸ், இந்தியருக்கு உயர்ந்த உத்தியோகத்தின் கதவையே அடைத்துவிட்டவர்.

ஆயினும், களவு கறுப்புக் கைக்கே உரியது என்று எண்ணிவிடவேண்டா. ஆற்காட்டு நவாப் முகம்மதலிக்குக் கம்பெனிச் சேவகர்களே கொடுவட்டிக்குக் கடன் கொடுத்து, அக்கடனுக்கு ஈடாகக் கர்நாடகச் சீமையின் வரி வருமானத்தை எழுதிவாங்கிக்கொண்டனர். பால் பென்பீல்டு அவர்களுள் தலைவர். எட்மண்டு பர்க் 1785 பிப்ரவரி 28ஆம் நாள் ஆங்கிலப் பார்லிமெண்டில் இதனைக் கண்டித்து நிகழ்த்திய பேருரை இன்றும் ஆங்கில இலக்கியமாகப் படிக்கப்படுகின்றது. பின்னர் 1805 முதல் நவாபின் கடன்களை ஆராய்ந்த ஆணையத்தார், கோரிக்கைகளிற் பெரும்பகுதியைச் செல்லாதென்று தள்ளினர். கீழே இருப்பவன் எடுத்தால் அதன் பெயர் கையாடல். மேலே இருப்பவன் எடுத்தால் அதன் பெயர் கடன் பத்திரம். உழவன் களத்திலிருந்து போன நெல் இரண்டிற்கும் ஒன்றே.

அந்த நெல் எவ்வாறு போயிற்று என்பதையும் அறியவேண்டும். வரி தண்டுவதிற் சித்திரவதை நடக்கின்றது என்னும் புகாரை விசாரித்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் 1855இல் தன் அறிக்கையை வெளியிட்டது. விரல்களை இடுக்கி நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் முதலிய தண்டனைகள் அதிற் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. பொக்கிஷம் என்பது இப்படி நிரம்பியது. அதிலிருந்து ஒருவன் எடுத்தான் என்றால், அவன் எடுத்தது கம்பெனியின் பணமென்று கச்சேரி எழுதியது. கிட்டி பூட்டப்பட்ட விரல்களின் பணமென்று எழுதுவதற்கு அந்தப் பேரேட்டில் இடமில்லை.

இனி ஜொகூருக்கு வருவோம். இங்கே நாம் காணும் வரலாறு மற்றொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. 19ஆம் நூற்றாண்டில், தெமெங்கோங் இப்ராஹிம் காலத்தில், 1844 முதல், சீனர் ஜொகூர் ஆற்றங்கரைகளிற் குடியேறிக் கம்பீரும் மிளகும் பயிரிட்டனர். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவனுக்கு ‘சூராட் சுங்கை’ என்னும் ஆற்றுச் சீட்டு அளிக்கப்பட்டது. அத்தலைவனுக்குக் ‘கங்சூ’ என்று பெயர். பயிரிடும் உரிமையோடு, அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றை நடத்தும் உரிமைகளும் அந்த ஏற்பாட்டோடு பிணைந்திருந்தன. அபின் குத்தகையோ பெருமுதலாளிகள் கூட்டாக எடுக்கும் பெருங்குத்தகை. குத்தகைக்காரன் அரசுக்கு ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டிவிட்டால், அதற்குமேற் கூலிகளிடமிருந்து கறந்ததெல்லாம் அவனுடையதே.

இம்முறையிற் கையாடல் என்னும் குற்றத்திற்கே இடமில்லை என்பதை வாசகர் கவனிக்க. கணக்கு இருந்தாலன்றோ கணக்கிற் களவு இருக்கும்? பத்து வெள்ளி கறந்து ஐந்து வெள்ளி அரசுக்குக் கட்டியவன் கள்வனல்லன், ஒப்பந்தக்காரன். காசிச் செட்டி கோயமுத்தூரில் மறைவாகச் செய்ததைக் குத்தகைக்காரன் இங்கே சீட்டுப் பெற்று வெளிப்படையாகச் செய்தான். இரண்டிலும் வேறுபாடு எழுத்தில் இருந்ததேயன்றி, செலுத்தியவன் முதுகில் இல்லை.

சுல்தான் அபுபக்கர் 1895இல் ஜொகூருக்கு எழுத்து வடிவிலான அரசமைப்புச் சட்டம் வகுத்தார். மலாய் நாடுகளில் அத்தகையது அதற்கு முன் இருந்ததில்லை. சுல்தான் இப்ராஹிம் காலத்தில், 1910இல் டி. ஜி. காம்பெல் என்னும் ஆங்கிலேயர் ஆலோசகராக வந்தார். 1914இல் அப்பதவி பொது ஆலோசகர் பதவியாகி அதிகாரம் மிகுந்தது. 1917இற் கங்சூ முறை ஒழிந்தது. குத்தகைக்காரன் போய்க் கச்சேரி வந்தது. சம்பளம், ரசீது, பேரேடு, தணிக்கை என்பன வந்தன. அவற்றோடு கூடவே கையாடல் என்னும் குற்றமும் தன் பெயரோடு வந்தது. இந்த ஒழுங்கு நல்லதே. அதை நாம் இகழவில்லை. ஆனால் அந்தக் கணக்கு யாருக்குக் காட்டப்பட்டது? கிராணி தலைமைக் கிராணிக்குக் காட்டினான். அவன் துரைக்குக் காட்டினான். துரை சிங்கப்பூரிலிருந்த ஹைகமிஷனருக்குக் காட்டினார். அவர் லண்டனுக்குக் காட்டினார். கணக்கு மேலே மேலே ஏறிச்சென்றதேயன்றி, பணம் கொடுத்தவனை நோக்கி ஒரு படியும் கீழே இறங்கவில்லை. மலாயாவில் முதற் கூட்டாட்சிப் பொதுத்தேர்தல் நடந்தது 1955இல் என்பதை நினைக்க.

கணக்கு மேலே மட்டும் சென்றதன் விளைவு யாது? நேர்மையான பேரேட்டில் நேர்மையற்ற வருமானம் ஏறிற்று. நீரிணைக் குடியேற்றங்களில் 1910 முதல் அபின் விற்பனையைச் சர்க்காரே ஏற்று நடத்தியது. அபினை முற்றாகத் தடுப்பதென்ற கொள்கையைப் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது 1943இலே தான். அப்போது மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. அத்தனை ஆண்டுகளும் கூலியின் நுரையீரலிலிருந்து வந்த வெள்ளிக்காசு, ஒரு செப்புக்காசும் குறையாமல், அழகிய கையெழுத்தில் வரவு வைக்கப்பட்டது. நம் தோட்டங்களில் கள்ளுக்கடை அவ்வாறே நின்றது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடையை மூடுக என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. பணம் கொடுத்தவன் வாய் திறந்தபோது முதலிற் கேட்டது இதுவே. எவன் எடுத்தான் என்று தணிக்கையாளன் கேட்டான். எவனிடமிருந்து எடுத்தீர் என்று தொழிலாளி கேட்டான். இரண்டாவது கேள்வி பிறவாத நாட்டில் முதற் கேள்வி அரைக் கேள்வியே.

சட்டமும் இவ்வகையிற் சிந்திக்கத்தக்கது. 1860இல் மெக்காலேயின் வரைவை ஒட்டி இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 409ஆம் பிரிவு, அரசு ஊழியன் செய்யும் நம்பிக்கை மோசடியைப் பற்றியது. அச்சட்டம் கடல் கடந்து மலாயாவிற்கும் வந்தது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 316ஆம் பிரிவில் அக்குற்றம் இடம் மாறிவிட்டது. மலேசியத் தண்டனைச் சட்டத்திலோ இன்றும் 409 என்னும் அதே எண். இரண்டாண்டுக்குக் குறையாமலும் இருபதாண்டுக்கு மேற்படாமலும் சிறையும், பிரம்படியும், அபராதமும் உண்டு. இதில் நம் கருத்தைக் கவர்வது ‘நம்பிக்கை’ என்னும் சொல். யார் வைத்த நம்பிக்கை? குடியேற்ற ஆட்சியின் கச்சேரியில் அது எஜமானன் சேவகனிடம் வைத்த நம்பிக்கை. குடியாட்சியில் அது மக்கள் ஊழியனிடம் வைத்த நம்பிக்கை. பிரிவின் எண் மாறவில்லை, பொருள் மாறியிருக்கவேண்டும். சட்டப் புத்தகத்தில் மாறிய பொருள் நம் மனத்தில் மாறிற்றா? ‘தேனெடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா’ என்று பழமொழி சொல்லிச் சிரிக்கும்வரை அது மாறவில்லை என்றே கொள்ளவேண்டும். தேன் நம்முடையது என்று உணர்ந்தவன் அங்ஙனம் சிரிக்கமாட்டான்.

‘கணக்குக் கேட்டல் மேனாட்டு வழக்கம், நமது மரபு நம்பிக்கை மரபு’ என்று கூறுவாரும் உளர். அவர்கள் உத்தரமேரூர் சென்று கல்லைப் படிக்கட்டும். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட அச்சாசனங்கள், குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் மீண்டும் வாரியம் ஏறத் தகுதியற்றவன். அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்று அவ்விதிகள் வரையறுக்கின்றன. உறவினரையும் விலக்கியது ஏன்? கோயமுத்தூரில் மன்றோ கண்டதை உத்தரமேரூரார் ஒன்பது நூற்றாண்டுக்கு முன்னரே கண்டிருந்தனர். கையாடல் தனி மனிதன் செயலன்று, சுற்றத்தின் செயல். அச்சபை நிலமும் வேதக்கல்வியும் உடைய பார்ப்பனரின் சபை என்பதையும், உழுதவனுக்கு அதில் ஓலையில்லை என்பதையும் நாம் மறக்கவில்லை. அக்குறையை நீக்கிவிட்டு விதியை எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. தமிழ்க் கல்வெட்டு கணக்குக் கேட்டது. தமிழ்ப் புராணம் கணக்குக் கேட்டவனைக் கொடியவனாக்கிற்று. இரண்டும் நம் மரபே. எதனை மண்டபத்திற் படிக்கின்றோம் என்பதில் தான் நம் நிலை இருக்கின்றது.

ஆனால் புராணத்தின்மேல் முழுப் பழியையும் சுமத்துதல் முறையன்று. இப்போது மண் சுமந்த படலத்திற்கு வருவோம். வைகை உடைந்தது. கரையை அடைக்க ஊரிலுள்ள குடிகளுக்கெல்லாம் பங்கு அளந்து கொடுக்கின்றான் பாண்டியன். பிட்டு விற்று வயிறு வளர்க்கும் கிழவி வந்திக்கும் ஒரு பங்கு விழுகின்றது. அவளுக்கு மகனில்லை, ஆளில்லை. ஆயினும் விலக்கில்லை. இதுவே கல்வெட்டுக்களில் ‘வெட்டி’ என்று வழங்கும் கூலியற்ற கட்டாய வேலை. இன்று பயனற்ற வேலையை நாம் ‘வெட்டி வேலை’ என்பதும் அதன் எச்சமே. கதையின் போக்கை நிதானமாக நோக்குக. பொக்கிஷப் பணம் போயிற்று, குதிரை போயிற்று, வெள்ளம் வந்தது, இறுதியிற் கணக்கு யார் வாசலில் வந்து நின்றது? பொன்னைக் கண்ணாலும் கண்டிராத பிட்டுக்காரியின் வாசலில். அமைச்சர் செலவிட்டதற்கும் அரசன் சினந்ததற்கும் கடைசி ரசீதை எழுதிக்கொடுத்தவள் அவளே.

அவளுக்காகக் கூலியாளாக வந்தவன் உதிர்ந்த பிட்டைத் தின்று, மண்ணைக் கொட்டியும் கொட்டாமலும் விளையாடிக் கிடக்கின்றான். பாண்டியன் பிரம்பால் அடிக்கின்றான். அந்த அடி அரசன்மேலும், அரசிமேலும், அமைச்சர்மேலும், ஊரார் அனைவர்மேலும், அண்டத்திலுள்ள உயிர்கள் எல்லாவற்றின்மேலும் பட்டது என்கின்றது புராணம். பிரசங்கிகள் இதனை இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதற்குச் சான்றாகக் காட்டுவர். நாம் அதனோடு மற்றொன்றையும் காண்கின்றோம். பொதுப்பணம் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை எந்தப் பொருளாதார நூலும் தந்ததில்லை. கடைசி மனிதன் முதுகில் விழும் அடி அனைவர் முதுகிலும் விழுகின்றது. எடுத்தவன் முதுகும் அதற்கு விலக்கன்று. நரி பரியான அதிசயத்தோடு கதையை முடித்து ஆரத்தி காட்டுவோர், புராணம் தானே கூறும் தீர்ப்பை மறைத்துவிடுகின்றனர். கவி வந்தியைக் கண்டார். விரிவுரையாளர் குதிரையையே கண்டனர்.

வந்தியின் பக்கம் நின்று படித்தலே நாம் வேண்டும் விமரிசனம். அது ஏட்டோடு நிற்கவும் கூடாது. ஜொகூரில் நமக்குக் கோயில்கள் உள, சங்கங்கள் உள, கூட்டுறவு நிறுவனங்கள் உள. 1960இல் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகக் கொடுத்த பணமே துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. பிட்டு விற்ற காசு மலையைப் பெயர்க்கும் என்பதற்கு அது சான்று. அத்தகைய பணத்தைக் கையாள்வோர் எவராயினும் அதற்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் ஆண்டுதோறும் வரவு செலவைப் பதிவதிகாரிக்கு அனுப்பவேண்டும் என்கின்றது. அனுப்பிவிட்டோம் என்று நிர்வாகிகள் அமைதியுறுவது, கணக்கை மேலே மட்டும் ஏற்றிய பழைய கச்சேரி வழக்கமேயாகும். உண்டியலில் ஒரு வெள்ளி போட்ட பாட்டிக்கு அது படித்துக்காட்டப்பட்டதா என்பதே கேள்வி.

ஆகவே நாம் சொல்வது இது. ஆவணி மூலத்தன்று பிட்டுத் திருவிழா நடத்தும் ஒவ்வொரு கோயிலிலும், பிட்டு வழங்குமுன் அவ்வாண்டின் வரவு செலவு உரத்த குரலில் தமிழில் படிக்கப்படட்டும். கேட்போர் கேள்வி கேட்கட்டும். கேட்டவரைப் பக்தியற்றவர் என்று எவரும் இகழாதிருக்கட்டும். இதனைச் செய்யத் துணியும் கோயிலே வந்தியின் கதையை உண்மையாகக் கேட்ட கோயிலாகும். செய்யாத கோயிலில், அந்த மண்டபத்திற் படிக்கப்படுவது எதுவாயினும், லாயத்தில் நிற்பவை நரிகளே.